கார் ஷெட்டில் பிறக்கும் படகு

கம்ப்யூட்டர் வெட்டித்தரும் பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, வீட்டிலேயே கயாக் கட்டிவிடலாம். ஆனால் மரமும் வெயிலும் தண்ணீரும் கம்ப்யூட்டர் சொல்வதையெல்லாம் கேட்பதில்லை.

மாடுலர் கிச்சன் கதவுகளையும் பூஜையறைக் கதவின் பூ வேலைப்பாடுகளையும் நாள் முழுக்க வெட்டித்தள்ளும் மெஷின் அது. பெங்களூர், கொச்சி, கோவை என்று எந்த ஊரின் மரச்சாமான் பட்டறை வட்டாரத்துக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம். மேஜை மீது 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை. மேலே வெறிகொண்டு சுழலும் சின்ன பிட். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். ஃபைலை மட்டும் மாற்றினால் போதும். அதே மெஷின், அதே பிட், அலமாரிக்குப் பதிலாக ஒரு படகை வெட்டிப் போட்டுவிடும்.

வெட்டி முடித்த பிறகு கிடைப்பதைப் பார்த்தால் யாரும் படகு என்று சொல்லமாட்டார்கள். வாழை மட்டையைப்போல நீண்டு வளைந்த சில பட்டைகள், முட்டை வடிவத்தில் சில துண்டுகள், நடுவில் பெரிய ஓட்டையுடன் ஒரு வளையம். பட்டைகளின் ஓரம் நெடுக வரிசையாகச் சிறு துளைகள். அவ்வளவுதான். ஒரு சின்ன டெம்போவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அதிசயம் நடப்பது அதற்குப் பிறகுதான். துளைகளில் செம்புக் கம்பித் துண்டுகளைக் கோத்து, குறடால் முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எழுகின்றன. அணியம் கூராகிறது. அடிப்பகுதி சரிந்து இறங்குகிறது. ஒரே மாலைப் பொழுதில், கார் நிற்க வேண்டிய இடத்தில் 17 அடி நீளப் படகின் உருவம் நிற்கிறது. ஆசாரி இல்லை, சட்டம் இல்லை, ஆணி இல்லை.

உருவம்தான் வந்திருக்கிறது, படகு அல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே 80 முதல் 100 மணி நேர வேலை கிடக்கிறது. பெரும்பாலான தவறுகள் நடப்பதும் அந்த மணி நேரங்களில்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்லாயிரம் பேர் செய்து பழகிவிட்ட இந்த வேலையை இந்தியாவில் செய்ய முனைகிறவர்களுக்குக் கூடுதலாகச் சில கேள்விகள் காத்திருக்கின்றன. எந்தப் பலகை? எந்தப் பருவம்? யார் பரிசோதிப்பது? விடை தெரியாமல் தண்ணீரில் இறங்கினால் போவது பணம் மட்டுமல்ல.

வகுப்பறையில் வந்த யோசனை

கயாக் வடதுருவத்து மக்களின் படைப்பு. கரையொதுங்கிய மரத்திலும் எலும்பிலும் எலும்புக்கூடு போலச் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலைப் போர்த்தித் தைத்து, ஒருவர் மட்டும் உட்கார்ந்து இரட்டை அலகுத் துடுப்பால் செலுத்தும் வேட்டைப் படகு. தையல் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. மரக்கட்டையையும் தோலையும் விட்டுப் பிளைவுட்டையே நேரடியாகத் தைத்தால் என்ன என்ற யோசனைக்கு வடிவம் கொடுத்தவராகச் சொல்லப்படுபவர் கென் லிட்டில்டைக் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். பலகைகளின் ஓரங்களைக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் பைபர் கிளாஸ் நாடாவைப் பிசினோடு ஒட்டிவிட்டால், படகின் உள்சட்டத்துக்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. தோலே எலும்பாகவும் மாறிவிடும்.

அதைப் பரப்பியது ஒரு பத்திரிகை. லண்டனின் டெய்லி மிர்ரர், சாமானியரும் வீட்டில் கட்டக்கூடிய பாய்மரப் படகு ஒன்று வேண்டும் என்று கேட்டது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள டெலிவிஷனில் கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்றிருந்த பாரி பக்நெல்லும் சேர்ந்து உருவாக்கிய மிர்ரர் படகு 1963ல் லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. 10 அடி 10 அங்குல நீளம், சிவப்புப் பாய். பெட்டியில் வரும் துண்டுகளைத் தைத்து ஒட்ட வேண்டியதுதான். 70,000க்கும் மேற்பட்ட மிர்ரர் படகுகள் உலகெங்கும் கட்டப்பட்டன. பாய்மரப் படகு பணக்காரர்களின் விளையாட்டு என்ற நிலையை உடைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

கம்ப்யூட்டர் வந்தது அடுத்த கட்டம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜான் லாக்வுட் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் 1986ல் பிக்மி என்ற பெயரில் கயாக் பெட்டிகளை விற்கத் தொடங்கினார். படகின் வடிவத்தைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கியதுதான் அதன் புதுமை. 1990களின் தொடக்கத்தில் கிறிஸ் குல்சிஸ்கி தொடங்கிய செசபீக் லைட் கிராஃப்ட் அதே வழியில் வளர்ந்தது. எண்களால் இயங்கும் வெட்டும் இயந்திரம் 1952ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் முதன்முதலாகப் பகிரங்கமாகக் காட்டப்பட்டபோது, அதைக் கேட்டது விமானத் தொழில். நாற்பது ஆண்டுகளில் அது மரப் பட்டறைக்கு இறங்கி வந்துவிட்டிருந்தது.

கடலைப் பொட்டலக் கணக்கு

கம்ப்யூட்டர் அப்படி என்னதான் செய்கிறது? கடலைப் பொட்டலத்தை நினைத்துக்கொண்டால் புரியும். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கூம்பாக்கலாம், குழாயாக்கலாம். ஆனால் ஒரு தேங்காயைச் சுருக்கமே விழாமல் காகிதத்தால் போர்த்த முடியாது. பிளைவுட்டும் அப்படித்தான். ஒரு திசையில் வளையும். ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் வளையச் சொன்னால் உடையும். எனவே தைத்து ஒட்டும் படகின் ஒவ்வொரு பக்கமும் கூம்பின் அல்லது குழாயின் துண்டாகவே இருக்க வேண்டும். அந்த வளைந்த பரப்பை மறுபடி தட்டையாக விரித்தால் என்ன உருவம் வரும் என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டருக்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தரையில் கிடைத்தது. பெரிய கூடத்தின் தரையில் படகை முழு அளவில் வரைந்து, வளையும் பட்டையை ஆணிகளுக்கு நடுவே நிறுத்தி, கோடு சீராக ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்துவார்கள். நாள்கணக்கான வேலை. இன்று இலவசமாகவே கிடைக்கும் சில மென்பொருள்கள் அதை நொடியில் விரித்துக் காட்டிவிடுகின்றன. மிதக்கும்போது எவ்வளவு அமிழும், எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகின்றன.

இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. பலகை 8 அடி. படகு 17 அடி. துண்டுகளை இணைத்தே ஆகவேண்டும். பழைய வழி, இரண்டு முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டுவது. கனத்தைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும். 4 மில்லிமீட்டர் பலகையென்றால் 32 மில்லிமீட்டர். இழைப்புளி கொஞ்சம் கூடுதலாகக் கடித்தால் பலகை வீண். இப்போது மெஷின், குழந்தைகளின் புதிர்ப் படத் துண்டுகளைப்போலப் பல்லும் பள்ளமுமாக வெட்டித் தருகிறது. ஒன்றில் ஒன்று சொருகினால் தானாகவே நேராக நிற்கும். ஒட்டவேண்டியதுதான் பாக்கி.

மெஷின் கிடைப்பதும் இந்தியாவில் பிரச்சினையாக இல்லை. மரச்சாமான் பட்டறைகள் தவிர, பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய தொழில்கூடங்களும் வந்துவிட்டன. மாசசூசெட்ஸ் கல்லூரியின் ஃபேப் லேப் திட்டத்தின் ஆரம்பகாலக் கூடங்களில் ஒன்று மகாராஷ்டிரத்தில் புனே அருகே பாபல் கிராமத்தின் விஞ்ஞான ஆசிரமத்தில் 2002ல் அமைந்தது. கேரள அரசு பின்னர் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் ஃபேப் லேப்களை ஏற்படுத்தியது. வெளிநாட்டிலிருந்து மரத்துண்டுகள் அடங்கிய பெட்டியைக் கப்பலில் வரவழைத்துச் சுங்கவரியும் கட்டுவதற்குப் பதில், வரைபடத்தை மட்டும் விலைக்கு வாங்கி உள்ளூரிலேயே வெட்டிக்கொள்ள முடிகிறது. கடல் கடந்து வருவது மரமல்ல, எண்கள்.

முட்டத்தில் நடந்தது

பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்துப் படகு கட்டும் வித்தை இந்தியாவுக்கு வாரக்கடைசிப் பொழுதுபோக்காக வரவில்லை. அது வந்தது கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்கு. வந்தது 1980களின் தொடக்கத்தில். வந்த காரணம் வயிறு.

அன்று தென்முனைக் கடற்கரையில் கட்டுமரமும் வள்ளமும்தான் மீனவரின் முதலீடு. கட்டுமரத்துக்கு இலேசான, பருத்த மரம் வேண்டும். குடைந்தெடுக்கும் வள்ளத்துக்கு அதைவிடப் பெரிய மரம் வேண்டும். காடு குறைந்தது; விலை ஏறியது. அதே வேளையில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கட்டுமரமோ எஞ்சினைத் தாங்குவதற்காகப் பிறந்ததல்ல. இழுவைப் படகுகளோடு போட்டியிட்டு ஆழத்துக்குப் போயாக வேண்டிய நிலையில் இருந்த சிறு மீனவருக்கு, அலையை உடைத்துக்கொண்டு மணலில் வந்து ஏறக்கூடிய, எஞ்சின் தாங்கக்கூடிய, பெரிய மரம் கேட்காத ஒரு படகு தேவைப்பட்டது.

கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பும் பிரிட்டனின் இன்டர்மீடியட் டெக்னாலஜி குழுவும் ஆதரவளிக்க, பியர் ஜிலே என்ற ஐரோப்பியப் பொறியாளர் முட்டத்தில் மீனவர்களோடும் தச்சர்களோடும் சேர்ந்து பிளைவுட் படகுகளை உருவாக்கினார். தைத்து ஒட்டும் முறைதான். 1980ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அதை எடுத்துக்கொண்டு, கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் படகுத் தளங்களை நடத்தியது. பிளைவுட் வள்ளம் கொல்லத்திலிருந்து குமரி வரை சாதாரணக் காட்சியானது.

அது எளிதில் நடந்துவிடவில்லை. அந்த முயற்சியைப் பற்றி ஜிலே 1985ல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்புக்கு 'சிறியது கடினம்' என்று பொருள். இன்டர்மீடியட் டெக்னாலஜி குழுவை நிறுவிய ஷூமாக்கரின் புகழ்பெற்ற நூல் 'சிறியதே அழகு' என்றது. களத்தில் நின்றவரின் பதில் அந்தத் தலைப்பிலேயே இருந்தது. வரைபடத்தில் சரியாக இருக்கும் படகு, அலையில் வேறுவிதமாக நடந்துகொண்டது. கட்டுமரத்தில் எழுந்து நின்றே பழகியவருக்கு ஒரு படகின் உள்ளே உட்கார்வதே புதிய பழக்கம். ஒவ்வொரு கரைக்கும் அலை வேறு, வலை வேறு. படகை மீனவரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன குறைகளைக் கேட்டுத் திரும்பத் திரும்ப மாற்றித்தான் அது கரையின் படகானது.

வீட்டில் கயாக் கட்டுகிறவருக்கு அந்த அனுபவம் இலவசப் பாடம். ஆனால் அதைத் தேடிப்போகிறவர்கள் குறைவு. எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறையை வரிக்கு வரி பின்பற்றுகிறார்கள். அது சிக்கலில் முடிகிற இடங்கள் இரண்டு: பலகை, பிசின்.

எட்டணா சோதனை

வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் பலகை ஒகூமே. ஆப்பிரிக்காவின் கேபன் நாட்டு மரம், இலேசானது. இந்தியக் கடைகளில் மரைன் பிளைவுட் என்று விற்கப்படுவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை கொண்டது. அந்தத் தரத்தின்படி பலகைத் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். பசையைப் பொறுத்தவரை கடுமையான தரம்தான். ஆனால் எடை வேறு கதை. அடர்த்தியான மரத்தில் செய்த 4 மில்லிமீட்டர் பலகை ஒன்று, அதே அளவு ஒகூமே பலகையைவிடச் சுமார் இரண்டரை கிலோ அதிகம். ஒரு கயாக்குக்கு மூன்று, நான்கு பலகைகள். 20 கிலோவில் முடியவேண்டிய படகு 27, 28 கிலோவாகிறது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆற்றுக்கு நடக்கும்போது அந்த வித்தியாசம் ஒவ்வொரு அடியிலும் தெரியும்.

பலகையின் கதைக்குப் பின்னே இந்தியக் காடுகளின் கதை இருக்கிறது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு, காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. வடகிழக்கின் பிளைவுட் ஆலைகள் முடங்கின. தொழில், விவசாயிகள் வளர்க்கும் மரத்தை நோக்கி நகர்ந்தது. ஹரியானாவின் யமுனாநகர் பாப்லர், யூகலிப்டஸ் மரங்களையும், கேரளத்தின் பெரும்பாவூர் ரப்பர் மரத்தையும் நம்பி வளர்ந்தன. 2010ல் கேபனும் 2014ல் மியான்மரும் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தின. இன்று ஒரு பலகையின் முகத்தில் இருப்பது ஒரு மரம், வயிற்றில் இருப்பது வேறொரு மரம் என்பது சகஜம்.

வயிற்றில்தான் ஆபத்து. சமையலறை அலமாரிக்குப் போகும் பலகையின் உட்தகட்டில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றே தகடுகள் கொண்ட 4 மில்லிமீட்டர் பலகையை வளைக்கும்போது அது சரியாக அந்த இடத்தில்தான் உடையும். வளைக்கும்போது உடையாவிட்டால் பாறையில் மோதும்போது உடையும். எனவே விவரமறிந்தவர்கள் ரசீதையும் முத்திரையையும் மட்டும் நம்புவதில்லை. பலகை முழுக்க நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார்கள். ஓசை திடீரென்று பொக்கையானால் அங்கே இடைவெளி. பிறகு ஒரு துண்டை வெட்டிக் குக்கரிலோ பானையிலோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, காயவைத்து, மறுபடி கொதிக்கவைப்பார்கள். தகடு பிரிந்தால் அந்தப் பலகை கடைக்கே திரும்பும். அரை நாள் வேலை. அதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு 100 மணி நேரத்தை இழந்தவர்கள் உண்டு.

உள்ளூர் மரத்தால் படகு முடியாது என்பதல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், எளிதில் உளுத்துப்போகும் ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி, மேலே பைபர் கிளாஸ் போர்த்தி, உள்நாட்டு மீனவர்களுக்கு வள்ளம் கட்டிக் காட்டியது. மரம் எதுவானாலும் அதற்குத் தேவையானதைச் செய்தால் போதும்.

சாயங்காலப் பூச்சு

கம்பியால் தைத்த படகைப் படகாக்குவது எபாக்ஸி பிசின். பிசினையும் ஹார்டனரையும் சொன்ன விகிதத்தில் கலந்து, மாவுபோன்ற மரத்தூளைச் சேர்த்துக் குழைத்தால் வேர்க்கடலைச் சட்னி பதத்தில் ஒரு பசை கிடைக்கும். அதை உள்பக்க மூலைகளில் விரல் வளைவுக்கு நிரப்பி, மேலே பைபர் கிளாஸ் துணியைப் போட்டுப் பிசினை ஊறவைக்க வேண்டும். காய்ந்ததும் கம்பிகளை உருவிவிடலாம். மூலை இப்போது பலகையைவிட உறுதி.

இந்தக் கலவை தானே சூடாகும். சூடாக ஆக இன்னும் வேகமாக இறுகும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாட்டுச் செய்முறை இருபது, முப்பது நிமிடம் என்றால், ஏப்ரல் மாத ஷெட்டில் அது பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு டம்ளர் நிறையக் கலந்துவைத்துவிட்டு டெலிபோனை எடுக்கப் போனவர் திரும்பி வரும்போது டம்ளர் உருகிப் புகைந்துகொண்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதும், கலந்ததை உடனே தட்டையான தட்டில் பரப்பிவிடுவதும்தான் வழி.

மரமும் மூச்சு விடுகிறது. காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சைக் குத்திக்கொண்டு குமிழி குமிழியாக வெளியே வரும். சாயங்காலம் சூடு தணியத் தொடங்கும்போது பூசினால் மரம் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலச் சாயங்காலம் உதவாது. ஈரக்காற்றில் எபாக்ஸியின்மேல் மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த பூச்சைப் பூசினால், அது உரிந்துவிடும். மேற்குக் கரையில் படகு கட்ட நல்ல காலம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, கோடை தொடங்குவதற்கு இடைப்பட்ட மாதங்கள்.

வெயிலும் எபாக்ஸியை விடாது. வெறும் பூச்சோடு மொட்டை மாடியில் கிடக்கும் படகு மஞ்சளாகி, வெளிறி, பொடியாகத் தொடங்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ பெயின்ட்டோ அவசியம். மர நிறம் தெரியவேண்டும் என்ற ஆசையில் வார்னிஷ் அடிப்பவர்கள் அதை அடிக்கடி புதுப்பிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

உடம்பையும் மறக்கக்கூடாது. எபாக்ஸி கையில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் திடீரென்று ஒவ்வாமை வரும். வந்தால் பெரும்பாலும் போவதில்லை. உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் பகை. கையுறையும் முகமூடியும் செலவுக் கணக்கில் எழுதப்பட வேண்டிய பொருட்கள். அந்தக் கணக்கில் பிசினும் துணியும் பலகையின் விலையைத் தொட்டுவிடுகின்றன. சில சமயம் தாண்டியும் விடுகின்றன. இதை முன்கூட்டியே எதிர்பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

கண்ணுக்குத் தெரிந்த கோணல்

கேரளத்தின் பேப்பூரில் உரு என்ற பெரிய மரக்கப்பல்களைக் கட்டும் மேஸ்திரிகள் வரைபடம் வைத்துக்கொள்வதில்லை என்பது உலகம் அறிந்தது. கணக்கு அவர்கள் தலையில். குட்டநாட்டின் சுண்டன் வள்ளங்களைக் கட்டும் ஆசாரிமார்களுக்கும், மேற்கு வங்கத்தில் ஹூக்ளி மாவட்டம் பாலாகர் ஊரின் நாட்டுப் படகுத் தச்சர்களுக்கும் கண்ணும் நூலும்தான் கருவி. கம்ப்யூட்டர் வெட்டிய துண்டுகளைப் பார்த்து அவர்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம்.

தைத்த படகைத் தரையில் வைத்து, அணியத்திலிருந்து அமரத்தை நோக்கிக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் விஷயம் வேறு. துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் இருக்கலாம். ஆனால் ஷெட்டின் தரை கோணலாக இருந்தால், அல்லது ஒரு பக்கத்துக் கம்பிகளைக் கூடுதலாக முறுக்கிவிட்டால், படகு முழுவதுமே நனைந்த துணியைப் பிழிந்ததுபோல லேசாகத் திருகிக்கொள்ளும். அந்த நிலையில் பிசின் இறுகிவிட்டால் அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அந்தப் படகு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். நேராகப் போக நினைப்பவர் ஒரு கையால் அதிகம் துடுப்புப் போட்டே ஓயவேண்டும்.

இதைத் தடுக்கும் கருவி இரண்டு நேரான குச்சிகள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, படகின் குறுக்கே வைத்துவிட்டு, ஒன்றின் விளிம்போடு மற்றதன் விளிம்பு ஒன்றுகிறதா என்று பார்ப்பது. நடுவில் ஒரு நூல், பக்கத்தில் ரசமட்டம். எந்த ஆசாரியும் கதவுச் சட்டத்துக்குச் செய்யும் சோதனைதான். கம்ப்யூட்டர் அளந்து வெட்டியது. ஆனால் நேராக நிறுத்துவது கண். வீட்டில் படகு கட்டுகிறவர் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெரு ஆசாரியை டீக்கு அழைத்தால் அது வீண்செலவு அல்ல.

கவிழ்த்துப் பார்

2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். அது மீன்பிடிப் படகை மாற்றியமைத்துச் செய்த படகு என்பது பிறகு வெளிவந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வேறொரு பாடம். உதவிப் பணம் குவிய, கரையெங்கும் பைபர் கிளாஸ் படகுப் பட்டறைகள் அவசரமாக முளைத்தன. அவசரத்தில் பிறந்த படகுகளின் தரத்தைப் பற்றி ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு கவலை தெரிவிக்க வேண்டிவந்தது. பார்வைக்குப் படகாக இருந்தால் போதும், மிதந்தால் போதும் என்ற நினைப்புக்கு இந்தக் கரைகள் ஏற்கனவே விலை கொடுத்திருக்கின்றன.

கயாக் ஒருவர் படகு; அதன் விபத்தில் கூட்டம் சாகாது. ஒருவர் சாவார். அது கட்டியவராகவே இருக்கக்கூடும். கயாக்கின் உள்ளே, உட்காரும் இடத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் முட்டை வடிவத் தடுப்புகள் இரண்டும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. அவை முனைகளை மூடிய காற்றறைகளாக்குகின்றன. கவிழ்ந்து தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காமல் கிடப்பது அந்த அறைகளால்தான். வேலை முடியும் அவசரத்தில் அந்தத் தடுப்பின் ஓரத்தில் விடப்படும் ஒரு ஊசித் துளை, காயலின் நடுவில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

எனவே முதல் பயணத்துக்கு முன் படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில், கரையில் இருவர் நிற்க, நடுப்பகுதியில் தண்ணீரை நிரப்பிவிட்டு, முனைகள் மிதக்கின்றனவா என்று காத்திருக்க வேண்டும். பிறகு அதில் உட்கார்ந்து, வேண்டுமென்றே கவிழ்ந்து, வெளியே வந்து, மறுபடி ஏறிப் பழக வேண்டும். உயிர்காப்பு உடை எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும், படகின் மூலையில் அல்ல.

சட்டம் இப்போது ஓரளவு விழித்திருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் இல்லாத கலங்களும் உள்ளாட்சி அமைப்பில் பெயர் பதிவு செய்துகொள்ள வழிவகுக்கிறது. ஆனால் எந்தப் பஞ்சாயத்து அலுவலகமும் ஒரு கயாக்கின் காற்றறையைச் சோதித்துப் பார்த்துவிடப் போவதில்லை. அந்த வேலை கட்டியவருடையது.

முட்டத்து மீனவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததும் அதுதான். வெளியிலிருந்து வந்த வித்தையை அவர்கள் மறுக்கவில்லை, அப்படியே விழுங்கவுமில்லை. அலையில் இறக்கினார்கள், குறை சொன்னார்கள், மாற்றச் சொன்னார்கள், மறுபடி இறக்கினார்கள். பலகையை வெட்டும் வேலையை இனி மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். ஷெட்டிலிருந்து வெளியே வரும் படகு தண்ணீருக்கு ஏற்றதுதானா என்ற கேள்விக்கு, தண்ணீரில் இறங்கியவர்தான் பதில் சொல்லவேண்டும்.